பின்னிருக்கைக்கு முதலிடம்

குடும்பத்திற்கென ஒரு கார் வாங்குவது நம் ஊரில் இன்று வெறும் ஆடம்பரம் அன்று. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் பிறந்த இளைஞர் பலர் இப்போது ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைப் பணியில் இருக்கின்றனர். விடுமுறை நாளில் அவர்கள் புறப்படும்போது ஒரே ஸ்கூட்டரில் நால்வர் ஏறுகின்றனர்: முன்னே நின்றபடி மூத்த குழந்தை, பின்னே தாயின் இடுப்பில் கைக்குழந்தை. ஊருக்குள் இது ஒருவாறு நடந்துவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையைத் தொட்டதும், கடந்து செல்லும் லாரியின் காற்றே வண்டியை ஆட்டிவிடுகிறது.

ஸ்கூட்டரில் ஒடுங்கிச் செல்லும் இத்தகைய குடும்பங்களைக் கண்டே மலிவு விலைக் கார் ஒன்றைச் செய்ய எண்ணியதாக இரத்தன் டாட்டா கூறியதுண்டு. 2008 ஜனவரியில் ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்று நானோ அறிமுகமாயிற்று. நல்லெண்ணத்தில் பிறந்த அந்தக் கார், 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அன்று உடன் சோதிக்கப்பட்ட வேறு நான்கு நிறுவனங்களின் சிறு கார்களுக்கும் அதே முடிவுதான். தலைக்கு மேல் கூரை இருப்பதாலேயே ஒரு வண்டி பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை நாடு அன்று அறிந்துகொண்டது.

நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் அண்மையில் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். மூன்று வயதில் மகன், ஏழு மாதத்தில் மகள். கையில் நான்கு இலட்சம் ரூபாய். அந்தப் பணத்திற்குப் பழைய ஏழு இருக்கை வண்டி ஒன்றைக் கணவரின் தந்தை பார்த்து வைத்திருந்தார். உறவினர் எல்லாரும் ஏறலாம், தெருவில் நிறுத்தினால் மதிப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம். “வண்டியை நீங்கள்தான் மந்திரிக்க வேண்டும், சாமி” என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். “மந்திரிக்கலாம். ஆனால் குழந்தைகள் எங்கே உட்காருவார்கள்?” என்று கேட்டோம். “சின்னவள் மடியில்தானே, சாமி” என்றார் அந்தத் தாய்.

நமது குருத்துவப் பணியில் சில சிறிய சவப்பெட்டிகளின் முன் நின்றிருக்கிறோம். அவற்றுள் ஒன்று, பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், முன்னிருக்கையில் தாயின் மடியில் பயணம் செய்த குழந்தையினுடையது. கார் பெரிய வேகத்தில் செல்லவில்லை. குறுக்கே மாடு வந்தது. தந்தை வண்டியைத் திருப்பினார். சாலையோரப் புளியமரத்தில் மோதியது. தாய்க்குக் கையில் எலும்பு முறிவு மட்டுமே. “இறுகப் பிடித்திருந்தேனே, சாமி” என்று அவர் அடக்கத்தன்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடும் கார் திடீரென நிற்கும் அந்த நொடியில், பத்துக் கிலோக் குழந்தை தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னே பாய்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் இல்லை. அன்பு குறைந்ததால் நேர்ந்த இழப்பு அன்று அது.

ஆகவே, குழந்தைகள் உள்ள வீட்டார் காரைப் பின்னிருக்கையிலிருந்து தேர்ந்தெடுக்கத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்து வலுவற்றது; எனவே அதற்குரிய தனி இருக்கையில், காரின் பின்பக்கம் நோக்கி அமர்த்துவதே முறை. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அவ்வாறு அமர்த்துவது பேராபத்து. பின்னிருக்கையில் தோளையும் இடுப்பையும் பிணைக்கும் சீட் பெல்ட்டோ, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் எதிரெதிரே பலகை போட்ட பழைய வண்டிகளில் குழந்தை இருக்கையை முறையாகப் பொருத்த இயலாது. பெரியவர் பார்த்து வைத்த வண்டியின் கடைசி வரிசை அத்தகையதே. 14 வயதுக்கு உட்பட்டோரைச் சீட் பெல்ட்டோ தக்க இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் கூறுகிறது.

தயாரித்த காலமும் முக்கியம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் சீட் பெல்ட் நினைவூட்டும் ஒலியும் கட்டாயமாயின. எனவே நான்கு இலட்சத்திற்குள் தேடுவோர், 2012-இல் வந்த பெரிய வண்டியைவிட 2019 ஜூலைக்குப் பின் வந்த சிறிய வண்டியைத் தேடுவது அறிவுடைமை. நட்சத்திரங்களைப் பார்ப்போர் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணைத் தனியே பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்றுப் புகழடைந்த நெக்ஸானுக்கும் அன்று குழந்தைகள் பாதுகாப்பில் கிடைத்தவை மூன்றே.

பழைய பொருளை ஆராய்வதற்குக் காஞ்சிபுரத்தாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இங்குள்ள நெசவாளர் சேலையை மறுபக்கம் திருப்பிப் பார்ப்பார். சரிகையைச் சுரண்டி உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிகிறதா என்று சோதிப்பார். காரையும் அவ்வாறே பார்க்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வண்டிக்குப் புதுப் பூச்சு அடித்துவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடியில் துருவைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அடிச்சட்ட எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று உண்டா, படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் கையொப்பமிட்டாரா என்பனவற்றையும் பணம் கொடுக்குமுன் உறுதி செய்யுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் செலவு வீணாகாது.

அத்தம்பதியர் இறுதியில் 2020-இல் வந்த ஐந்து இருக்கைச் சிறு கார் ஒன்றை வாங்கினர். மிச்சப் பணத்தில் இரு குழந்தை இருக்கைகளும் இரு புதிய டயர்களும் வந்தன. பெரியவருக்குச் சற்று மனத்தாங்கல்தான். “நாங்கள் எல்லாம் மடியில் வைத்துத்தானே வளர்த்தோம், சாமி?” என்றார். “உண்மைதான் ஐயா. நீங்கள் போனது மாட்டு வண்டியில்” என்றோம். அவர் பதில் கூறவில்லை. ஆனால் குடும்பத்தோடு மந்திரிப்புக்கு வந்து நின்றார்.

வாகனத்தை மந்திரிக்கும்படி கேட்டு வருவோரிடம் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்வது இப்போது நமது வழக்கம். தீர்த்தம் தெளிக்கும் கை, பெல்ட்டை மாட்டும் கைக்கு மாற்று அன்று. இறைவன் குழந்தையை ஒப்படைத்திருப்பது பெற்றோரிடமே. முதல் சில நாள்கள் குழந்தை அந்த இருக்கையில் உட்கார மறுத்து அழும். பாட்டி உடனே தூக்கச் சொல்வார். தூக்கவே வேண்டுமெனில், காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். அழுகை அடங்கியதும் மீண்டும் பெல்ட்டை மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.