வயலினும் ராக் இசையும்

பிரான்சு தேசத்தில் 1982-ஆம் ஆண்டு தோன்றிய இசைத் திருநாள் நம் புதுவையிலும் ஜூன் மாதத்தில் கொண்டாடப்படுவதை நேயர் அறிவர். அத்தகைய மேடைகளில், மின் கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் குழுவினர் நடுவே, கர்நாடக இசை பயின்ற இளைஞர் ஒருவர் வயலின் ஏந்தி நிற்கக் கண்டுள்ளோம். மோகனத்தில் நான்கு சங்கதி வாசிப்பார், கரகோஷம் எழும். ஆயினும் அவ்வயலினை நீக்கிவிட்டாலும் பாட்டுக்கு யாதொரு குறையும் நேராது என்பதே எம் வருத்தம். பிழை வாசிப்பவரிடத்தன்று. அவருக்கென்று ஒரு பகுதியை எழுதிக் கொடுப்பார் இலர்.

எழுதினால் யாது விளையும்? லண்டனில் ஜார்ஜ் மார்ட்டின் என்பார் கில்டுஹால் இசைப்பள்ளியில் பியானோவும் ஓபோவும் பயின்று, பின்னர்ப் பீட்டில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுகளை உருவாக்கியவர். 1966-இல் 'எலினார் ரிக்பி' என்னும் பாட்டுக்கு நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ ஆகியவற்றுக்கு அவர் எழுதினார். கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வில்லின் வெட்டிலேயே தாளம் பிறக்கின்றது. அவ்வெட்டையும் நீக்கினால் பாட்டே இல்லை.

மறு ஆண்டு நேர்ந்த சோதனையே நமக்கு அணுக்கமானது. ஜார்ஜ் ஹாரிசன் இந்திய முறையைத் தழுவி இயற்றிய 'விதின் யூ விதவுட் யூ'வில் தில்ருபா ஒரு ஸ்வரத்தினின்றும் மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். மேனாட்டு ஸ்வரக் குறிப்போ ஏணி போன்றது. வழுக்கலுக்கு அதில் இடம் சொற்பம். எட்டு வயலினும் மூன்று செல்லோவும் அவ்வளைவைப் பின்பற்றுமாறு மார்ட்டின் எழுதினார். பதினொருவர் ஒரே கணத்தில் ஒரே வளைவில் இழைவது எத்துணை அரிது என்பதைத் தோழருடன் சேர்ந்து தோடி வாசித்துப் பார்த்தோர் நன்கறிவர்!

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்ற இளையராஜா, 1986-இல் வெளியான 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக் என்னும் ஜெர்மானியருக்கும் காணிக்கையாக்கினார். அது ராக் இசையன்று. எனினும், கமகம் மிகுந்த இடங்களை வி. எஸ். நரசிம்மனின் தனி வயலின் தாங்க, ஏனைய வயலின்கள் கூட்டமாய்ச் சூழ்ந்து நிற்கும் அவ்வமைப்பு ராக் குழுவுக்கும் பொருந்துமென்றே கருதுகிறோம்.

நம்மூரில் செல்லோ வாசிப்போர் கிடைப்பது எளிதன்று. அதனாலென்ன? கீழ் ஸ்வரங்களைப் பாஸ் கிதாரிடமே விட்டுவிட்டு, மூன்று வயலின்களுக்கு எழுதத் தொடங்கலாம். ஒன்றுக்குக் கமகம், இரண்டுக்கு நீண்ட வில்.