கம்போஜத்தில் ஒரு திருவாதிரை

2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் யானும் என் மனைவியாரும் கம்போஜ நாட்டிற்குச் சென்று வந்தோம். மனைவியார் கல்லூரி ஆசிரியை. அவ்விடுமுறையன்றி நெடும்பயணத்திற்கு உரிய ஓய்வு அவர்க்கு வாய்ப்பதரிது. விமானச் சீட்டுக்களைப் பெற்ற பின்னரே யான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். டிசம்பர் 27ஆம் நாள் மார்கழித் திருவாதிரை! மணமாகிய 31 ஆண்டுகளில் ஆருத்திரா தரிசனத்திற்குச் சிதம்பரம் செல்லாது அவர் நின்றதில்லை. தலைமகன் வயிற்றிலிருந்த நிறைமாதத்திலுங்கூடச் சென்றவர். சீட்டை மாற்றினாற் பொருள் நட்டம் மிகும் என்றேன். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. பிழை என்னுடையதாதலின் அவ்வாய்வாளாமை எனக்குச் சுடுசொல்லினும் பொறுத்தற்கு அரியதாயிருந்தது.

சியம் ரீப் நகரத்து விடுதியில் பணியாளர் செந்நிறக் குல்லாய் தரித்து, மின்விளக்கு வேய்ந்த கிறிஸ்துமஸ் மரத்தினடியில் எம்மை வரவேற்றனர். அந்நாட்டு மக்களிற் பெரும்பாலார் தேரவாத பௌத்தர்; அம்மரம் எம்மனைய வழிப்போக்கர்க்காக நாட்டப்பெற்றதே. அங்கோர்வாட்டின் பெருமையைப் பலரும் எழுதியிருத்தலின் யான் ஈண்டு எழுதப் புகவில்லை.

26ஆம் நாளிரவு எங்களிடையே ஒரு வழக்கு நிகழ்ந்தது. மறுநாட் காலையில் பந்தியாய் சிரே என்னுஞ் சிவாலயத்திற்குச் சென்று திருவாதிரை வழிபாடு செய்வோம் என்றார் அவர். யான் மறுத்தேன். மூலலிங்கம் இல்லை, நித்திய நைமித்திகங்கள் இல்லை, விளக்கில்லை; ஆகமவழி நின்று நோக்கின் அது பழஞ்சின்னமேயன்றி ஆலயமாதல் யாங்ஙனம் என்பது என் வாதம். சிவனடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமாகவே கண்டு வழிபடுக எனச் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணித்தலை அவர் எடுத்துக்காட்டினார். பூசையொழிந்த கோயிலுக்கு அது பொருந்துமோ என்று வினவினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

விடியலிற் புறப்பட்டோம். வழியிலுள்ள பிரா தாக் என்னுஞ் சிற்றூரில் தெருவோரத்தே பெருங்கடாரங்களிற் பதநீர் காய்ச்சுகின்றனர். மரமும் நம் நாட்டுப் பனையே, மணமும் அதுவே. மனைவியார் வண்டியை நிறுத்துவித்து, ஓலையிற் பொதிந்த பனைவெல்லம் வாங்கினார். திருவாதிரைக்குக் களி வேண்டுமே. விடுதியிற் கிளறுதற்கு இடமேது?

பந்தியாய் சிரே சிறிய கோயில். செந்நிற மணற்கல்லாலாயது. இராசேந்திரவர்மனுக்கு அமைச்சராயும் ஐந்தாஞ் செயவர்மனுக்குக் குருவாயும் விளங்கிய யஞ்ஞவராகர் என்பவரால் 967இற் பிரதிட்டை செய்யப்பெற்றது. இறைவர் திருநாமம் திரிபுவனமகேசுவரர். காடுமூடிக் கிடந்த இதனைப் பிரெஞ்சுக்காரர் 1914இற் கண்டனர். பிற்காலத்திற் பிரான்சின் பண்பாட்டமைச்சராகிய ஆந்திரே மால்ரோ, இளைஞராயிருந்த 1923இல் இங்குள்ள சிற்பங்களைப் பெயர்த்துச் சென்று அகப்பட்டார். கற்றோர் கைக்குங் கற்சிலைகள் அஞ்சவேண்டியிருக்கின்றன! 1931 முதல் ஆன்றி மார்ஷல் என்பார் சரிந்த கற்களை உரிய இடத்தில் அடுக்கிக் கோயிலை மீள நிறுத்தினார்.

உள்மதிலின் கிழக்கு வாயின் முகப்பில், பத்துத் திருக்கரங்களோடு கூத்தப்பெருமான் ஆடுகின்றார். ஒருபுறம் ஒருவர் முழவு கொட்டுகின்றார். மற்றொருபுறம், வற்றிய கொங்கையும் ஒட்டிய உடலுமாய் ஒரு பெண்ணுரு அமர்ந்திருக்கின்றது. அறிஞர்கள் அவ்வுருவைக் காரைக்காலம்மையார் என்கின்றனர். அம்மையாரைக் காட்டுங் கங்கைகொண்டசோழபுரத்துச் சிற்பத்தினும் இஃது அரை நூற்றாண்டிற்கு மேல் முற்பட்டது.

அப்பொழுது அங்கே மணி ஏழரை, சிதம்பரத்தில் ஆறு. ஆயிரக்கால் மண்டபத்தில் அபிடேகம் நிகழும் வேளை. காலை வெயில் சிற்பத்தின்மேல் நேரே விழுந்து கல்லெல்லாம் கனல்போற் சிவந்திருந்தது. மனைவியார் ஓலைப்பொதியை அவிழ்த்துக் கையிலேந்தி, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டினையும் மெல்லிய குரலில் ஓதினார். பாடல்கள் 22. புகைப்படம் எடுப்போர் எம்மை விலகிச் சென்றனர். காவற்பெண் ஒருத்தி தடுப்பாளென்று எண்ணி யான் கலங்கினேன். அவள் சற்றே நோக்கிநின்று, அந்நாட்டு வழக்கப்படி இருகையுங் குவித்து அப்பாற் போயினாள்.

ஓதி முடித்தபின் அவர் என்பக்கந் திரும்பி, "பரமதத்தன் கலமேறிப் போயும் பாண்டிநாட்டிலேயே கரையேறினான். அம்மையார் எத்துணைத் தொலைவு வந்துவிட்டார், பாருங்கள்!" என்றார். மூன்று நாட்களுக்குப்பின் அவர் என்னோடு நகைமுகமாய்ப் பேசியது அதுவே.

யான் விடை கூறவில்லை. அம்மையார் அத்திருக்கூத்தைக் கண்டு பாடிய இடம் ஆலங்காட்டுச் சுடலையன்றோ? அங்கே எந்த ஆசாரியர் பிரதிட்டை செய்தார்? எந்த விளக்கு எரிந்தது, ஈமத்தீ யல்லாமல்? முந்தின இரவு யான் அடுக்கிய ஏதுக்களெல்லாம் நினைவிற்கு வந்தன. ஆகமம் பொய்யென யான் கொள்ளவில்லை. நாள்தோறும் பூசை நிகழவேண்டிய கோயில் அஃதில்லாதிருத்தல் துயரே என்று இன்றும் எண்ணுகின்றேன். ஆயினும் அவ்வுருவின்முன் நின்றபொழுது என் வழக்குச் சிறியதாய்த் தோன்றிற்று.

பின்னர் வடக்கே கபால் சிபியான் என்னும் மலைக்குச் சென்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரங் காட்டுவழி ஏறினோம். அங்கே ஆற்றுப்படுகையிலேயே, 11ஆம் நூற்றாண்டில், எண்ணிறந்த சிவலிங்கங்களைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். நீர் அவற்றின்மேல் இடையறாது ஓடிக் கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கின்றது. மனைவியார் ஒரு பாறைமேலமர்ந்து நெடும்பொழுது நோக்கியிருந்தார். பின், பொதியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

எஞ்சியதை ஊருக்குக் கொணர்ந்து 2024ஆம் ஆண்டு ஆனித் திருமஞ்சனம்வரை ஒரு சம்புடத்தில் வைத்திருந்து, அன்று வீட்டில் அதனைக்கொண்டே களி கிளறினார். பந்தியாய் சிரே வாயிலில் யான் கைகூப்பினேனோ இல்லையோ என்று அவர் இதுகாறுங் கேட்டதில்லை. கூப்பினேன்.