இலை வண்ண அட்டையும் என் மகனும்

ரொம்ப நாள் கழிச்சு எழுதுறேன். நடவு, களையெடுப்புன்னு நேரமே கிடைக்கல. இன்னைக்கு வயல்ல ஆரம்பிச்சு என் மகன்கிட்ட போய் நிக்கும், பொறுத்துக்குங்க.

நெல்லுக்கு எப்ப யூரியா போடணும்னு பாக்க ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கு, இலை வண்ண அட்டைன்னு பேரு. மஞ்சளடிச்ச பச்சையில ஆரம்பிச்சு கரும்பச்சை வரைக்கும் ஆறு பட்டை. நட்ட 14ஆம் நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை, நல்லா விரிஞ்ச மேல் இலையா 10 எடுத்து ஒப்பிடணும். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண். பத்துல ஆறு இலை அதுக்கும் கீழே வெளுத்திருந்தா யூரியா. இல்லேன்னா மூட்டையைத் தொடக்கூடாது.

என் மகனுக்கு 13 வயசு. ஏ.டி.எச்.டி. இருக்குன்னு ரெண்டு வருசம் முன்னாடி சொன்னாங்க. சொன்ன வேலையைப் பாதியில விட்டுட்டு தட்டான் பின்னால போயிடுவான். ஆனா வயலுன்னா ஓடி வருவான். அதனால போன சம்பாவுல அட்டையை அவன்கிட்ட குடுத்தேன். முதல் வாரம் அவன் சொன்ன எண்ணை நம்பி யூரியா போட்டேன். பயிர் கருகருன்னு வந்து, பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு. அடுத்த வாரம் பக்கத்துல நின்னு பாத்தா, ஒரே இலைக்கு ஒரு தடவை 2ங்கிறான், இன்னொரு தடவை 4ங்கிறான்.

"கவனம் எங்கடா இருக்கு?"ன்னு களையெடுக்குற பொம்பளைங்க எதிர்லயே கத்திட்டேன். அட்டையை வரப்புல வச்சுட்டுப் பேசாம போயிட்டான். ராத்திரி சாப்பிடல.

வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க, "சாயங்காலமானா அவனுக்கு நீலக் குடமா பச்சைக் குடமான்னே சந்தேகம் வருதுங்க, நீங்க கவனிச்சதில்லையா?" இல்ல, கவனிச்சதில்ல.

டவுன்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். புள்ளிக்குள்ள எண் ஒளிஞ்சிருக்குற புத்தகத்தைக் காட்டினாங்க. மடமடன்னு படிச்சுட்டான். 'அப்போ கண்ணு நல்லாத்தானே இருக்கு'ன்னு நான் நினைச்சேன். அந்தப் புத்தகம் சிவப்பு-பச்சைக் குறைக்குத்தானாம். அப்புறம் 85 சின்ன வில்லைகளைச் சாயல் வரிசையா அடுக்கச் சொன்னாங்க. நீலம்-மஞ்சள் பக்கம் வர்ற இடத்துலதான் மாத்தி மாத்தி வச்சான்.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. ஏ.டி.எச்.டி.யில பேசப்படுற டோபமின் மூளையில மட்டுமில்ல, விழித்திரையிலயும் வேலை செய்யுது. நிறம் பாக்குற செல்கள்ல நீலத்துக்கானது நூத்துக்குப் பத்துகூட இல்ல. அதனால அந்தப் பக்கம் முதல்ல தடுமாறலாம்னு ஒரு கருத்து இருக்காம். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வில்லை அடுக்கவே பொறுமை வேணும்ல, அதுல எது கண்ணு எது கவனம்னு பிரிக்கிறது சிரமம்னும் சொன்னாங்க. ஆராய்ச்சியும் இன்னும் ஒரே முடிவுக்கு வரல.

பஸ்ஸுல வரும்போது, "அன்னைக்கு நான் நல்லாத்தான்ப்பா பாத்தேன்"னான். நான் என்னத்தைச் சொல்றது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இந்த சம்பாவுல அட்டையை நான் பிடிக்கிறேன், அவன் நோட்டுல குறிக்கிறான். நேத்து அஞ்சாவது இலையில நிறுத்தினான்.

"அப்பா, அட்டையை வெயில்ல வச்சுப் பாக்குறீங்க. உடம்பு நிழல்ல வச்சுத்தான் பாக்கணும்னு வேளாண்மை ஆபீசர் சொன்னாருல்ல?"

முதல் இலையிலேர்ந்து மறுபடி பாத்தோம்.