எஞ்சிய அலகுகள்

ஈப்போவில் ஒரு வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரு குளிர்கால மேலங்கி மடித்தபடியே கிடந்தது. அதை அணியத்தக்க குளிர் கேமரன் மலையில்கூட இல்லை. ஆயினும் அதை எவருக்கேனும் கொடுத்துவிட அவ்வீட்டுப் பெண்மணிக்கு மனம் வரவில்லை.

1995-ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற கையோடு, சுபாங் ஜெயாவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்புத் திட்டத்தில் அவர் சேர்ந்தார். இரண்டாண்டுகள் இங்கே, இரண்டாண்டுகள் அங்கே என்பது ஏற்பாடு. தந்தையார் லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்ற கணக்கை நம்பி மகளின் படிப்புச் செலவை ஒரு பழைய நாட்குறிப்பில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 1997 ஆகஸ்டில் மகள் விமானம் ஏறியபோதே அக்கணக்கு ஆட்டங்காணத் தொடங்கியிருந்தது. 1998 ஜனவரியில் டாலரின் விலை நான்கு ரிங்கிட் எண்பது காசையும் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதனை மூன்று ரிங்கிட் எண்பது காசில் நிறுத்தி வைத்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டனர். அவர்களுள் இவரும் ஒருவர். முதல் பருவத்தை முடித்திருந்தார். இரண்டாம் பருவக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்த இயலாமல், மார்ச் மாதத்துப் பனி கரையும் முன்பே வீடு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த அதே மாதத்தில் தம்பியின் எஸ்.பி.எம். முடிவு வெளிவந்தது. ஆறாம் படிவத்துக்குப் போயிருக்க வேண்டியவன் பட்டறைக்குப் போனான். அக்காளின் படிப்புக்காகப் பட்டிருந்த கடன் அப்போதும் எஞ்சியிருந்தது. இதைப் பற்றி அக்காளும் தம்பியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் ஒருவேளை பாரம் குறைந்திருக்கும்.

ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவர், தாம் வேலை கற்றுக்கொடுத்த இளம் பட்டதாரிகள் ஒவ்வொருவராகத் தமக்கு மேலதிகாரிகளாக வருவதைக் கண்டார். பாதியில் நின்ற படிப்புக்கு விண்ணப்பப் படிவங்களில் கட்டம் இல்லை. முடித்தவர், முடிக்காதவர் என்ற இரண்டே சாதிகள்தாம் அங்கே உண்டு.

ஆனால் அமெரிக்கக் கல்வி முறை இந்த விஷயத்தில் சற்றே இரக்கமுடையது. 'கிரெடிட்' என்று அவர்கள் வழங்கும் பாட அலகே அதற்குக் காரணம். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பு, இவ்வாறு ஏறத்தாழப் பதினைந்து வாரங்கள் பயின்றால் ஓர் அலகு. நூற்றிருபது அலகுகள் சேர்ந்தால் இளங்கலைப் பட்டம். இந்த அளவுகோல் பிறந்த கதை விந்தையானது. 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகப் பெருந்தொகை வழங்கினார். அவ்வூதியத்தில் பங்கு பெற விரும்பிய கல்லூரிகள், படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் முறைக்கு இணங்க வேண்டியதாயிற்று. ஆக, அறிவை அளப்பதற்கென்று எழுந்ததன்று அந்த முழம். முதியவர்களுக்குப் பணம் பங்கிடும் வேலையில் ஊன்றி நின்றுவிட்டது. எனினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. படிப்பு, சில்லறையாக எண்ணத்தக்கதாக ஆயிற்று. ஓரிடத்தில் சேர்த்ததை மற்றோரிடத்தில் கொடுத்து மாற்றலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படையினர் பெற்ற பயிற்சிக்கு எத்தனை அலகுகள் தகும் என்று பரிந்துரைக்கும் பணியை அமெரிக்கக் கல்வி மன்றம் மேற்கொண்டது. 1974 முதல் படைக்கு வெளியே நடைபெறும் பயிற்சிகளையும் மதிப்பிடத் தொடங்கியது. 1967-இல் தோன்றிய 'கிளெப்' தேர்வுகள், வகுப்பறைக்கே போகாதவனும் தேர்வெழுதி அலகு பெற வழி செய்தன. இன்று சோபியா, ஸ்ட்ரெய்ட்டர்லைன் போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் பாடங்கள் அந்த மரபின் பேரப்பிள்ளைகள் எனலாம். மாதச் சந்தா ஏறக்குறைய நூறு டாலர். பருவம் இல்லை, மணியோசை இல்லை. தெரிந்ததை ஒரே நாளில் கடக்கலாம். தெரியாததில் ஒரு மாதம் உட்காரலாம். மணிக்கணக்கில் பிறந்த அலகை மணிக்கணக்கே இல்லாத படிப்பு ஈட்டித் தருகிறது!

2022-இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் அவர் இதனை அறிந்தார். முதலில் செய்ய வேண்டியிருந்தது படிப்பன்று, கடன் தீர்ப்பு. பழைய பல்கலைக்கழகம், கட்டணத்தில் முந்நூற்று நாற்பது டாலர் பாக்கி என்று சொல்லி மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைத்திருந்தது. அதைச் செலுத்தியபின் எழுபத்தைந்து அலகுகள் வெளியே வந்தன. முதிர்ந்த வயதினர் பட்டத்தை முடிப்பதற்கென்றே அமெரிக்காவில் 1970-களில் சில கல்லூரிகள் தோன்றின. நியூ ஜெர்சியில் 1972-இல் தொடங்கிய தாமஸ் எடிசன் கல்லூரி அத்தகையது. இன்று அது பல்கலைக்கழகம். இவர் நாடியதும் அவ்வகையைச் சேர்ந்த ஒன்றே. அங்கே அறுபத்தாறு அலகுகளைத்தான் பட்டத்துக்குரியவையாக ஏற்றனர். வரலாறும் ஆங்கிலக் கட்டுரையும் கெடாமல் இருந்தன. முன்பு விழுந்து விழுந்து படித்த கணினிப் பாடங்கள் காலாவதியாகிவிட்டன.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கல்வி மன்றத்தின் மதிப்பீடு ஒரு பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் பட்டம் வழங்கும் கல்லூரியின் உரிமை. மேல்நிலைப் பாடங்கள் இத்தனை வேண்டும், எங்களிடமே இத்தனை படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சட்டம் உண்டு. பாடத்தை முடித்துவிட்டுக் கல்லூரியைத் தேடுபவர், தாலியைச் செய்துவிட்டு மாப்பிள்ளை தேடுபவருக்கு ஒப்பாவார். இன்னொன்று: மலேசிய அரசாங்கப் பணிக்கு அப்பட்டம் செல்லுமா என்பது அதற்குரிய அங்கீகாரத்தைப் பொறுத்தது. இவர் வேலை செய்தது தனியார் அலுவலகத்தில். ஆதலால் அக்கவலை எழவில்லை. எனினும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே பணம் கட்டினார்.

பதினாறு பாடங்கள், பதினான்கு மாதங்கள். சந்தா ஆறாயிரம் ரிங்கிட்டைச் சற்றே தாண்டியது. இரவு உணவுக்குப் பின், தாயார் உறங்கியதும் மேசைக்கு வருவார். புள்ளியியல் அவரை ஏழு வாரம் அலைக்கழித்தது. வணிகச் சட்டத்தை ஒன்பது நாளில் முடித்தார். இருபது ஆண்டுகளாகக் காப்புறுதி ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது? இத்தகைய வேகத்தைக் கண்டு, இது படிப்பா, புள்ளி பொறுக்குதலா என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் முற்றிலும் தவறன்று. விடையை மட்டும் தேடிப் பிடித்து நகர்ந்துவிட இடம் உண்டு. அவ்வாறு செய்வோரும் உளர். விவாதிக்க ஒரு தோழியும் இல்லாத படிப்பு அது. ஆனால் தாமாகவே கற்றுவிட்டதை மறுபடியும் பதினைந்து வாரம் உட்கார்ந்து கேட்பது மட்டும் கல்வியாகிவிடுமா?

ஒரு தேர்வின்போது, அறையில் எவரும் நுழையலாகாது என்பது விதி. கணினியின் கேமரா வழியே கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். உறக்கம் கலைந்த தாயார் கதவைத் திறந்து, "இன்னும் சாப்பிடலையாம்மா?" என்று கேட்டுவிட்டார். தேர்வு நிறுத்தப்பட்டது. விளக்கம் எழுதி, ஒரு வாரம் காத்திருந்து மறுபடியும் எழுத நேர்ந்தது. தாயாரிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

கடைசி ஆறு அலகுகளை அக்கல்லூரியிடமே படிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு பாடங்களுக்குக் கட்டியது, மற்ற பதினாறுக்கும் கட்டியதைவிட அதிகம். மலிவு என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு.

சான்றிதழ் தபாலில் வந்த நாளில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு, அதைத் தொடாமலேயே நெடுநேரம் பார்த்தார். தந்தையார் காலமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஏன் அக்கா, பட்டறையில வேலை செஞ்ச வருஷத்துக்கெல்லாம் எங்கேயாவது கணக்குப் பார்ப்பாங்களா?" என்றார், பாதி விளையாட்டாக.

மலேசியாவிலும் அனுபவத்தைக் கணக்கிலெடுத்துக் கல்லூரிகளில் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் அதை நடத்துகிறது. அக்காள் பதில் ஏதும் சொல்லவில்லை. நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொல்லி, கணினியைத் திறந்தார்.