எதை அளந்து காசு வாங்குகிறார்கள்?

அரக்கோணம் ஸ்டேஷன் பக்கம் எஸ்.டி.டி. பூத்துகள் வரிசையாக இருந்த காலம். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றால் மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடும். அப்பா பேசிக்கொண்டிருப்பார், என் கண் ரூபாய் மேலேயே இருக்கும். குருவராஜப்பேட்டைத் தறிக்காரர்களிடம் லுங்கி எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரம் எங்களுடையது. சௌகார்பேட்டைக்குப் பேசி முடித்ததும் ரசீதை வாங்கி, நேரத்தையும் பல்ஸையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் அப்பா காசை எடுப்பார்.

"பல்ஸ்னா என்னண்ணா?" என்று பூத் அண்ணனிடம் கேட்டேன். "ஒரு பல்ஸ் விழுந்தா ஒரு கால் கணக்கு தம்பி. பக்கத்து ஊருன்னா மெதுவா விழும், தூரம் போகப் போக சீக்கிரம் சீக்கிரமா விழும்" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கால்பங்கு ரேட் என்பதும் அதே கணக்குதான். பல்ஸ் நிதானமாக விழும். பம்பாய்க்குப் பேச வேண்டியவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பாவுக்கு அதற்கும் முந்தைய காலம் தெரியும். டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் கடையிலேயே காத்துக் கிடந்த காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. அங்கே விற்றது காத்திருப்பை. சீக்கிரம் வேண்டுமென்றால் கூடுதல் காசு. பி.பி. கால் போட்டால் கேட்ட ஆளையே லைனுக்குக் கூப்பிட்டுத் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் 1960-லேயே எஸ்.டி.டி. வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு அது வந்து சேர நெடுநாள் ஆயிற்று.

1960 என்றதும் திருத்தணி ஞாபகம் வருகிறது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டெலிபோன்காரர்கள் நாட்டைச் சர்க்கிள் என்று பகுதி பகுதியாகப் பிரித்தபோது அதே எல்லைக் கோட்டின் மேல்தான் பிரித்தார்கள். இன்றும் அரக்கோணத்துக்கு 04177, திருத்தணிக்குச் சென்னையின் 044, நகரிக்கு 08577. நகரியிலும் தறி உண்டு, எங்களுக்கு அங்கே கொடுக்கல் வாங்கலும் உண்டு. செல்போன் வந்த புதிதில் திருத்தணி தாண்டினால் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ரோமிங். வருகிற காலுக்கும் காசு போகும். சென்னைகூட அப்போது தனி சர்க்கிள். 2005-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். 2006-ல் பி.எஸ்.என்.எல். ஒரு ரூபாயில் இந்தியா முழுக்கப் பேசலாம் என்றது. தூரத்தை அளந்து காசு வாங்கிய காலம் அத்தோடு முடிந்தது என்றே சொல்வேன்.

தூரம் போய் வேகம் வந்தது. இப்போது கடையைத் தம்பி மகன் பார்க்கிறான். போன மாதம் ஃபைபர் கனெக்‌ஷனுக்கான படிவத்தை நீட்டி, "பெரியப்பா, நூறு எம்பிபிஎஸ், கையெழுத்துப் போட்டுடலாமா?" என்றான். நான் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். எம்பிபிஎஸ் என்பதில் இருப்பது பிட். நம் கோப்புகளின் அளவோ பைட்டில். எட்டு பிட் ஒரு பைட், ஆகவே நூறு என்பது நொடிக்குப் பன்னிரண்டரை எம்.பி.தான். அதுவும் டவுன்லோடில். நாம் டிசைன் படங்களை அனுப்புகிறவர்கள், நமக்கு வேண்டியது அப்லோடு. இரண்டும் சமமாகவும் நமக்கென்று ஒதுக்கியதாகவும் வேண்டுமென்றால் அது லீஸ்டு லைன், விலை பல மடங்கு. மற்றதெல்லாம் பலரோடு பங்கு போடும் லைன். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே போன் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பங்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் நாலு கோடு காட்டும், கால் மட்டும் போகாது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப்.யு.பி. என்று இருந்தது. மாதத்தில் இத்தனை ஜி.பி. தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவோம் என்று பொருள். அப்டைம் 99.5 சதவீதம் என்றும் போட்டிருந்தார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் வருஷத்தில் கிட்டத்தட்ட 44 மணி நேரம் லைன் செத்துக் கிடந்தாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. பிராட்பேண்ட் என்ற பெயரின் அளவே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. 2004-ல் குறைந்தது 256 கேபிபிஎஸ், 2013-ல் 512, 2023-ல் 2 எம்பிபிஎஸ்.

நூலை கவுன்ட் பார்த்து, எடை பார்த்து, பிரித்துப் பார்த்து வாங்குகிற வியாபாரிகள் மாதா மாதம் கட்டும் இந்தப் பில்லை மட்டும் பார்க்காமல் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. பல்ஸ் என்றால் என்னவென்று ஒரு பொடியன் கேட்டபோது பூத்துக்காரர் பொறுமையாகச் சொன்னார். இன்றைக்கு வருகிற கம்பெனி ஆளும் சொல்லத்தான் வேண்டும். அப்லோடு எவ்வளவு, லிமிட் தாண்டினால் வேகம் எவ்வளவு, லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், வராவிட்டால் பில்லில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.