ஒரே ஒன்றியம், இரண்டு பள்ளி

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எங்கள் ஒன்றியத்திலேயே இரண்டு தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தோம். காலை உணவு, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

மெயின்ரோட்டுப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர், புது பெயின்ட். ஊருக்குள் இருப்பது ஈராசிரியர் பள்ளி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதுமாம்! ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்குப் பாடம் அம்போதான்.

ஆனால் அங்கே மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி, ஒன்றாம் வகுப்புக் குட்டிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் குறுக்கே போகவே இல்லை.

அங்கேயே சேர்க்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று கேட்கப்போகிறேன். ஊர்க்காரர்கள் நீங்களும் வாங்க.