ஈரக் கையும் சுவிட்சும்

வுழூவின் பர்ளுகளையும் ஸுன்னத்துகளையும் பல வருடங்களாகப் படித்துக் கொடுத்து வருகிறேன். முகத்தின் எல்லை எது, கையை எதுவரை கழுவ வேண்டும் என்பதையெல்லாம் மாணவர்கள் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். ஆனால் வுழூ முடிந்ததும் அந்த ஈரக் கை முதலில் எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது குளியலறை விளக்கின் சுவிட்சுக்குத்தான் போகிறது. ஸுபஹ் தொடக்கம் இஷா வரை, ஆறு பேர் உள்ள வீட்டில் எத்தனை ஈரக் கைகள் அதைத் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். கால்களோ வெறுங்கால்கள். நிலமும் ஈரம். நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரமான தோல் அதற்கு இலகுவாக வழிவிடும்.

எங்களுடையது கடலோர ஊர். உப்புக் காற்று கதவுப் பூட்டையே அரிக்கும் போது சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளையை விட்டு வைக்குமா? சென்ற நோன்புக்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் குளியலறைச் சுவிட்சின் முகப்பில் ஒரு வெடிப்பு விழுந்தது. போடும் போதெல்லாம் உள்ளே 'சர்' என்று ஒரு சத்தம். அன்றே அந்த விளக்குக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு, டோர்ச் லைட்டுடன் சமாளிக்கும்படி வீட்டில் சொன்னேன். வயரிங் வேலை செய்யும் என் மச்சானிடம் இந்த வேலையை நான் முன்பே பழகியிருந்தேன். ஆகவே நானே புதியதை மாட்டிவிடலாம் என்று எண்ணினேன். அப்போது என் மனைவி சொன்னார்: "நீங்க கிழமையில அஞ்சு நாள் மத்ரஸாவில. நீங்க இல்லாத நேரம் இப்பிடி ஒண்டு நடந்தா நாங்க என்ன செய்யிற? எங்களுக்கும் காட்டித் தாங்களேன்."

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் பட்டது. மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லியே அந்த வேலையைச் செய்தேன். அதனைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். இந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். கை, கால், நிலம் மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். காலில் இறப்பர் செருப்பு இருக்கட்டும். சிறு பிள்ளைகளை வேறு அறையில் வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, டெஸ்டர். அது வேலை செய்கிறதா என்பதை, கரண்ட் உள்ள ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்துக் கொள்ள வேண்டும். பழுதான டெஸ்டர், கரண்ட் இருக்கும் போதே இல்லை என்று காட்டிவிடும். பொய் சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்வது போன்றது அது.

மூன்றாவது, மெயின் சுவிட்ச். குளியலறைச் சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணுவது போதாது. சுவிட்ச் ஓஃபில் இருந்தாலும் அதற்குள் வந்து சேரும் வயரில் கரண்ட் காத்துக் கொண்டுதான் இருக்கும். மெயினை ஓஃப் பண்ணிவிட்டு, யாரும் போட்டு விடாதபடி ஒருவரை அதன் அருகில் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மகளுக்கு. "வாப்பா சொல்லாம நான் தொட விடமாட்டேன்" என்று காவற்காரர் போல நின்றாள்.

இங்கே இக்காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. பற்றரியுடன் கூடிய இன்வேர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை ஓஃப் பண்ணிய உடனேயே பற்றரி விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அத்தகைய வீட்டில் இன்வேர்ட்டரையும் நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவதென்று தெரியாவிட்டால் சுவிட்சைக் கழற்றவே கூடாது.

நான்காவது, மூடியைக் கழற்றிய பின்னும் வெறும் கையால் தொடாமல், உள்ளே உள்ள ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும் இருக்கும், புதிய வீடுகளில் மண்ணிறமும் நீலமும் இருக்கும். சுவிட்சுக்கு வரும் கறுப்பு வயரிலும் விளக்கு எரியும் போது கரண்ட் ஓடும்.

ஐந்தாவது, எந்த வயர் எந்தத் திருகாணியில் இருந்தது என்பதைக் கழற்ற முன் அடையாளமிட்டுக் கொள்ளுங்கள். கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும். புதிய சுவிட்சில் அதே இடத்தில் மாட்டி, செம்பு வெளியே தெரியாதபடி உள்ளே செலுத்தி, திருகாணியை நன்றாக இறுக்கி, மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்வான இணைப்புச் சூடாகும், சூடு நெருப்பில் முடியும். பச்சை அல்லது பச்சை மஞ்சள் வயர் இருந்தால் அது நிலத்தொடுப்பு வயர். அதனை வெட்டிவிடாமல் இருந்த இடத்திலேயே விட வேண்டும். மூடியைப் பூட்டி முடித்த பிறகுதான் மெயினைப் போட வேண்டும். அன்று மாலை மச்சான் வந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போனார்.

இத்தனையையும் சொல்லிவிட்டு இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் அறிவு. சுவிட்சோ சுவரோ தொடும் போது சுருக்கென்று உணர்ந்தால், பெட்டிக்குள் ஈரமோ கருகலோ கண்டால், இரண்டுக்கு மேற்பட்ட வயர்கள் குழப்பமாகத் தெரிந்தால், அது நமது வேலையல்ல. மெயினை ஓஃப் பண்ணிவிட்டு, தொழில் தெரிந்தவரை அழையுங்கள். சுவிட்ச் குளியலறைக்கு உள்ளே, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருந்தால் அதை வெளியே மாற்றித் தரும்படி அவரிடமே கேளுங்கள்.

உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீடுகளில் வழமையாகப் பொருத்தப்படுவது 30 மில்லி அம்பியர் அளவில் கரண்ட் நிலத்துக்குக் கசிந்தாலே துண்டித்துவிடும். அதிலுள்ள சிறிய பரிசோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது பழுது. அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றி நேரடியாக வயர் கொடுத்துவிடும் வீடுகளும் உண்டு. அது, கள்வன் வருகிறான் என்று குரைக்கும் நாயை விரட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

யாரையாவது கரண்ட் பிடித்துக் கொண்டால், பாசத்தில் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உம்மா பிள்ளையைப் பிடித்தால் இருவரும் போய்விடலாம். முதலில் மெயின். பிறகு 1990 இலவச அம்பியூலன்ஸ்.

எங்கள் தெருவில் மட்டும் கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல. அந்தச் சகோதரிகளில் சிலரிடம் மெயின் சுவிட்ச் எங்கே என்று என் மனைவி விசாரித்த போது, "அவருக்குத்தான் தெரியும்" என்று இருவர் சொன்னார்களாம். அவர் இருப்பதோ கட்டாரில்! மீட்டர் பெட்டி ஆண்களின் விடயம் என்று நமக்கு யார் சொன்னது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆண் அடுப்படிக்கு வருவது குறைவல்ல என்றால், பெண் மெயின் சுவிட்சை அறிந்திருப்பதும் குறைவல்ல.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. உறங்கும் போது விளக்கை அணைத்துவிடும்படியும் ஹதீஸ்களில் வந்திருக்கிறது. எண்ணெய் விளக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்த எச்சரிக்கை, 230 வோல்ட் ஓடும் வீட்டுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இன்றே வீட்டிலுள்ள பெண்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்துச் சென்று மெயின் சுவிட்சைக் காட்டுங்கள். குளியலறைச் சுவிட்சின் அருகில் கை துடைக்க ஒரு துவாயைத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது தொங்குகிறது.

அல்லாஹ் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.